2014ஆம் ஆண்டு மேசைக்கணினி மிக மெதுவாக இயங்குகிறது: எங்கிருந்து தொடங்குவது?

வைகைக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 2014ஆம் ஆண்டு வாங்கிய மேசைக்கணினி ஒன்று இருக்கிறது. இன்டெல் கோர் ஐ3-4130 செயலி, ஹெச்81 மதர்போர்டு, ஒரே ஸ்டிக்காக 4 ஜிபி டிடிஆர்3 ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. பொத்தானை அழுத்தியதும் திரை வந்துவிடுகிறது. ஆனால் அதற்குப் பிறகு வெகுநேரம் எதைச் சொடுக்கினாலும் அசைவதில்லை. குரோம் திறந்து முடிப்பதற்குள் மகளின் இணையவழி வகுப்பு தொடங்கிவிடுகிறது.

என் மனைவி உள்ளூர் அச்சகத்திற்காக இதே கணினியில்தான் பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரும் பாமினி என்ற தமிழ் எழுத்துருவும் கொண்டு திருமண அழைப்பிதழ்களையும் கோயில் விழா மலர்களையும் வடிவமைத்துத் தருகிறார். குடும்பப் புகைப்படங்களும் இதில்தான் உள்ளன. கடையில் கேட்டால் புதிதாக வாங்கச் சொல்கிறார்கள். நண்பர் ஒருவர், கணினியைத் துப்புரவு செய்யும் மென்பொருள் ஒன்றுக்கு ஆண்டுச் சந்தா கட்டினால் போதும் என்கிறார். பெருஞ்செலவு செய்யும் நிலையில் நாங்கள் இல்லை. எதை முதலில் மாற்ற வேண்டும் என்று சொல்ல முடியுமா?

திருத்துளை (மறுமொழி)

வணக்கம் நண்பரே. எதையும் வாங்குவதற்கு முன்பு, கணினி எந்த இடத்தில் காத்துக்கிடக்கிறது என்று கண்டறிந்துகொள்ளுங்கள். கணினியைத் தொடங்கியவுடன் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் என்ற பகுதிக்குச் சென்று, செயலி, மெமரி, டிஸ்க் ஆகியவை எத்தனை விழுக்காடு காட்டுகின்றன என்பதையும், டிஸ்க் பக்கத்தில் ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம் என்ற எண் என்னவென்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் செயலி இணையவழி வகுப்புக்கும் பேஜ்மேக்கருக்கும் இன்றும் போதுமானது. நான் ஐயுறுவது ஹார்டு டிஸ்க்கைத்தான். மேசைக்கணினிகளில் வழக்கமாக வரும் டிஸ்க் நிமிடத்திற்கு 7200 முறை, அதாவது நொடிக்கு 120 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி ஆகும் என்பதால், வேண்டிய தகவல் படிப்புமுனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அதில் பாதி நேரம் காத்திருக்க வேண்டும். அதற்கு முன்பு முனை உரிய தடத்திற்கு நகர்வதற்கு ஏறத்தாழ 9 மில்லிநொடி ஆகிறது. ஆக, இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் சிறு துண்டுகளைப் படிக்கும்போது நொடிக்கு 70 அல்லது 80 துண்டுகளுக்கு மேல் அதனால் எடுத்துத் தர இயலாது. துண்டு ஒன்று 4 கேபி என்றால், நொடிக்கு 300 கேபி அளவுதான் தேறும். ஒரே நீளமான திரைப்படக் கோப்பை நொடிக்கு 100 எம்பிக்கு மேல் படிக்கும் அதே டிஸ்க், விண்டோஸ் தொடங்கும் வேளையில் திணறுவதற்கு இதுதான் காரணம். ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் பொருத்தக்கூடிய, சுழலும் பாகமே இல்லாத சாட்டா (டிஸ்க்கைப் போர்டுடன் இணைக்கும் முறை) எஸ்எஸ்டி, அத்தகைய துண்டுகளை நொடிக்குப் பல்லாயிரக்கணக்கில் தந்துவிடும்.

துப்புரவு மென்பொருளுக்குச் சந்தா கட்ட வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் உள்ள லட்சக்கணக்கான பதிவுகளில் சில ஆயிரத்தை அழிப்பதால் வேகம் கூடாது. தவறான ஒன்றை அழித்துவிட்டால் கணினியே தொடங்காமல் போகலாம். ரெஜிஸ்ட்ரியைத் துப்புரவு செய்யும் மென்பொருள்களைத் தாம் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே அறிவித்திருக்கிறது. தற்காலிகக் கோப்புகளை அழிக்கும் வசதி விண்டோஸிலேயே இருக்கிறது. சி டிரைவ் நிரம்பி வழியும் நிலையில் இருந்தால் அதனால் பயன் உண்டு. இடம் தாராளமாக இருந்தால் அதுவும் வேகத்தைக் கூட்டாது.

மற்றொன்று: கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை இறக்கி, டிஸ்க்கின் உடல்நிலையையும் பார்த்துச் சொல்லுங்கள். பத்தாண்டு ஓடிய டிஸ்க்கில் இதைப் பார்க்காமல் வேறு எந்த வேலையையும் தொடங்கக் கூடாது.

மதுரை மின்னியல் (மறுமொழி)

திருத்துளை அவர்கள் சொன்னதோடு ரேமைப் பற்றியும் ஒரு சொல். டிஸ்க் 100 விழுக்காடு காட்டினால் உடனே டிஸ்க்தான் குற்றவாளி என்று முடிவு கட்டிவிட முடியாது. 4 ஜிபி ரேம் நிரம்பிவிட்டால், விண்டோஸ் அதில் இருப்பவற்றை எடுத்து டிஸ்க்கில் உள்ள பேஜ்ஃபைல் என்ற கோப்பில் எழுதிவைக்கும்; தேவைப்படும்போது மீண்டும் படிக்கும். ரேமில் உள்ள குறை இவ்வாறு டிஸ்க்கின் சுமையாக வெளிப்படுகிறது. விண்டோஸிலேயே உள்ள ரிசோர்ஸ் மானிட்டர் என்ற கருவியில் டிஸ்க் பகுதியைத் திறந்து, பட்டியலின் உச்சியில் பேஜ்ஃபைல் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் ரேமும் கூட்ட வேண்டும். உங்கள் போர்டில் வழக்கமாக இரண்டு ரேம் இடங்கள் இருக்கும். 16 ஜிபி வரை ஏற்கும். வாங்கும்போது மேசைக்கணினிக்கான டிடிஆர்3 என்று தெளிவாகக் கேளுங்கள். மடிக்கணினி ரேம் அளவில் சிறியது, டிடிஆர்4 ரேமில் வெட்டு வேறிடத்தில் இருக்கும், இரண்டும் பொருந்தா.

மின் இணைப்பை நீக்கிவிட்டு, பெட்டியைத் திறந்து செயலியின் விசிறியையும் பாருங்கள். தூசு படிந்து செயலி சூடானால், அது தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 3.4 கிகாஹெர்ட்ஸ் ஓட வேண்டிய செயலி, வேலை மிகுந்திருக்கும்போதும் 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே நின்றால் சூட்டைத்தான் முதலில் ஐயுற வேண்டும்.

வைகைக்கரை

இருவருக்கும் மிக்க நன்றி. தொடங்கியபின் வெகுநேரம் டிஸ்க் 100 விழுக்காட்டிலேயே நிற்கிறது. ரெஸ்பான்ஸ் டைம் பல நூறு மில்லிநொடிகள் காட்டுகிறது. சில வேளைகளில் ஆயிரத்தையும் தாண்டுகிறது. செயலி 30 விழுக்காட்டைத் தாண்டவில்லை. குரோம் திறந்தபின் மெமரி 85 விழுக்காட்டுக்கு மேல் போகிறது, பேஜ்ஃபைலும் பட்டியலில் மேலே வருகிறது. விசிறியில் தூசு இருந்தது, தூரிகையால் நீக்கிவிட்டோம்.

கவலை தருவது இன்னொன்று. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை காட்டுகிறது. கரண்ட் பெண்டிங் செக்டர் கவுன்ட் என்ற வரிசையின் கடைசியில் 18 என்று இருக்கிறது. டிஃப்ராக் செய்தால் சரியாகுமா?

திருத்துளை

டிஃப்ராக் செய்யவே கூடாது நண்பரே. இனி வேகத்தைப் பற்றிய பேச்சைச் சற்றே ஒத்திவைத்துவிட்டு, முதலில் உங்கள் கோப்புகளைக் காப்பாற்றுவோம்.

அந்த மென்பொருள் வழக்கமாக அந்தக் கடைசி எண்ணைப் பதினாறு அடிமான முறையில் காட்டும். எனவே உங்கள் 18 என்பது நம் கணக்கில் 24. அதாவது, 24 இடங்களை டிஸ்க் படிக்க முயன்று தோற்று, அவற்றை என்ன செய்வதென்று முடிவு செய்யாமல் வைத்திருக்கிறது. இந்த எண் சுழியாக இருக்க வேண்டும். அத்தகைய இடம் ஒன்றைத் தொடும்போதெல்லாம் டிஸ்க் அதையே திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். அதுவரை விண்டோஸ் முழுவதும் உறைந்து நிற்கும். ரெஸ்பான்ஸ் டைம் ஆயிரத்தைத் தாண்டுவதற்கு இது பெரிதும் காரணமாக இருக்கலாம். டிஃப்ராக், டிஸ்க் முழுவதையும் கிளறி ஒவ்வொரு கோப்பையும் இடம் மாற்றி எழுதும் வேலை. நலிந்த டிஸ்க்குக்கு அந்தச் சுமையைத் தருவது ஆபத்து. டிஸ்க்கின் பிழைகளைத் தேடிச் சரிசெய்யும் செக்டிஸ்க் கட்டளையையும் கோப்புகளை வெளியே எடுத்தபின் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றே வெளிப்புற டிரைவ் ஒன்றையோ போதிய இடமுள்ள பென் டிரைவையோ இணைத்து, மீண்டும் உருவாக்க முடியாதவற்றை முதலில் நகலெடுங்கள்: குடும்பப் புகைப்படங்கள், பேஜ்மேக்கர் கோப்புகள், அவற்றுக்கான எழுத்துருக்கள், உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள். ஒரே மூச்சில் டிரைவ் முழுவதையும் இழுத்துப் போடாமல் கோப்புறை கோப்புறையாக எடுத்தால், ஏதேனும் ஒரு கோப்பில் சிக்கி நின்றாலும் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குச் செல்லலாம்.

பிறகு 2.5 அங்குலச் சாட்டா எஸ்எஸ்டி வாங்குங்கள். 240 அல்லது 256 ஜிபி உங்கள் வேலைக்குப் போதும். புகைப்படங்கள் மிகுதி என்றால் 500 ஜிபி. கடையில் போர்டிலேயே நேரடியாகச் செருகும் எம்.2 வகையைக் காட்டினால் ஏற்காதீர்கள், ஹெச்81 போர்டுகளில் பெரும்பாலும் அதற்கான இடமே இருக்காது. இந்தச் சிப்செட் தரும் நான்கு சாட்டா இணைப்புகளில் இரண்டு மட்டுமே நொடிக்கு 6 கிகாபிட் வேகம் உடையவை. போர்டிலேயே அச்சிட்டிருப்பதைப் படித்து அவற்றுள் ஒன்றில் இணையுங்கள். தவறி மற்றதில் இணைத்தாலும் பழுதாகாது, பெரிய கோப்புகளை நகர்த்தும்போது மட்டும் வேகம் குறையும். கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையான பயாஸில் சாட்டா முறை ஏஹெச்சிஐ என்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் (முழு நகல்) செய்யாமல் விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே உங்கள் நிலையில் நல்லது, ஏனெனில் படிக்க முடியாத அந்த இடங்களில் குளோன் மென்பொருள் தடுமாறும், தப்பிப் பிழைத்தாலும் பழுதான கோப்புகளையே புதிய டிரைவுக்குக் கொண்டுவரும். நிறுவும்போது பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிடுங்கள். இல்லையேல் தொடக்கக் கோப்புகளை விண்டோஸ் பழைய டிஸ்க்கில் எழுதிவிடக்கூடும், அதைப் பின்னாளில் கழற்றினால் கணினி தொடங்காது. இதே போர்டில் முறையாக ஆக்டிவேட் ஆன (உரிமம் உறுதியான) விண்டோஸ் 10 என்றால், இணையத்தில் இணைந்தவுடன் பெரும்பாலும் தானாகவே மீண்டும் ஆக்டிவேட் ஆகிவிடும்.

செம்பருத்தி (மறுமொழி)

எஸ்எஸ்டி பற்றி எனக்கும் அதே கருத்துதான். ஆனால் மீண்டும் விண்டோஸ் 10 நிறுவுவதில் உடன்பாடில்லை. அதற்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நின்றுவிட்டன. பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனர்களுக்கான நீட்டிப்பும் 2026 அக்டோபர் 13 வரைதான். விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறை இன்டெல் செயலிகளிலிருந்துதான் ஏற்கப்படுகிறது. உங்களுடையது நான்காம் தலைமுறை. சோதனையைத் தந்திரமாகத் தாண்டி நிறுவும் வழிகள் இணையத்தில் உலவுகின்றன. ஆனால் பிந்தைய புதுப்பிப்புகளுக்கு உறுதி இல்லாத ஒன்றை, வங்கிக் கணக்கும் மகளின் படிப்பும் நடக்கும் கணினியில் போட நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விண்டோஸுக்குப் பதிலாக நிறுவக்கூடிய இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டின், எளிய கணினிகளுக்கேற்ற எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு இலவசம். 2 ஜிபி ரேமில் ஓடும், வசதியாகப் பயன்படுத்த 4 ஜிபி போதும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை புதுப்பிப்புகள் உண்டு. பென் டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம், டிஸ்க்கில் எதுவும் மாறாது. தமிழ்99 விசைப்பலகையையும் எளிதில் சேர்த்துக்கொள்ளலாம்.

திருத்துளை

செம்பருத்தி அவர்களின் அக்கறை நியாயமானது. ஆயினும் பேஜ்மேக்கர் லினக்ஸில் நேரடியாக இயங்காது. அதன் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001இல். அச்சகமும் அதே கோப்பைக் கேட்கும்போது, வருமானம் தரும் மென்பொருளை விட்டுவிடச் சொல்வதற்கு நமக்கு உரிமை இல்லை.

ஆகவே எஸ்எஸ்டியை இரண்டாகப் பிரித்து, முதலில் விண்டோஸ் 10, அதன்பின் மின்ட் என்ற வரிசையில் நிறுவலாம். வகுப்பு, வங்கி, மின்னஞ்சல் எல்லாம் மின்ட்டில். ஆக்டிவேஷன் முடிந்ததும் விண்டோஸில் இணைய இணைப்பை நீக்கிவிட்டுப் பேஜ்மேக்கர் வேலை மட்டும் செய்யலாம். அச்சகத்திலிருந்து வரும் பென் டிரைவ்களை மட்டும் வைரஸ் சோதனை செய்தபின் திறக்கச் சொல்லுங்கள். இணையம் இல்லாத கணினிக்கும் அவை வழியாகத் தொற்று வரும்.

செம்பருத்தி

அச்சக வேலையை நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன். இந்த ஏற்பாடு எனக்கும் சரியாகப் படுகிறது. பாமினியைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். பாமினியில் தட்டச்சிட்டவை உண்மையில் ஆங்கில எழுத்துகளாகவே கோப்பில் பதிந்திருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற எழுத்துக் கோவையாகத் தெரியும். ஆகவே எழுத்துருக் கோப்பையும் காப்பு நகலில் சேர்த்துக்கொள்ளுங்கள். மகள் மின்ட்டில் எழுதும் யூனிகோட் (இணையத்தில் வழங்கும் பொதுவான குறியீட்டு முறை) தமிழைப் பேஜ்மேக்கரில் நேரடியாக ஒட்ட முடியாது. எழுத்துரு மாற்றி ஒன்றின் வழியே பாமினிக்கு மாற்றிவிட்டு ஒட்ட வேண்டும்.

வைகைக்கரை

புகைப்படங்களும் மனைவியின் கோப்புகளும் வெளிப்புற டிரைவுக்கு வந்துவிட்டன. ஒரு பழைய விழா மலர் மட்டும் பாதியில் நிற்கிறது. அச்சகத்தில் அதன் நகல் இருக்கிறது என்கிறார்கள். எஸ்எஸ்டியும் இன்னொரு 4 ஜிபி ரேமும் வாங்கப்போகிறோம். ரேம் அதே நிறுவனத்துடையதாக இருக்க வேண்டுமா? பழைய டிஸ்க்கைக் கூடுதல் சேமிப்புக்கு வைத்துக்கொள்ளலாமா?

மதுரை மின்னியல்

நிறுவனம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. அதே 4 ஜிபி அளவும், ஸ்டிக்கில் அச்சிட்டிருக்கும் 1600 போன்ற வேக எண்ணும் ஒத்திருந்தால் போதும். ஒரே அளவுள்ள இரண்டு ஸ்டிக்குகளும் இரட்டைத் தடத்தில் இயங்கும் என்பதால், தனி வீடியோ கார்டு இல்லாத உங்கள் கணினியில் காணொளி வகுப்புக்கும் அது சற்று உதவும். பழைய டிஸ்க்கைச் சேமிப்புக்கு வைக்காதீர்கள். பெண்டிங் எண் ஏறத் தொடங்கிய டிஸ்க் எப்போது நின்றுபோகும் என்று சொல்ல முடியாது. எல்லாக் கோப்புகளும் புதிய இடத்தில் திறக்கின்றனவா என்று ஒவ்வொரு கோப்புறையிலும் சிலவற்றைத் திறந்து பார்க்கும் வரை அதைத் தூக்கி எறியவும் வேண்டாம், கழற்றி அலமாரியில் வைத்திருங்கள்.