வி.எஃப்.டி.க்குத் தமிழில் என்ன பெயர்? மரக்கடைசல் லேத்தை முன்வைத்து

> "வேகமாற்றி" போதுமே. எளிது, யாருக்கும் புரியும்.

வணக்கம். வி.எஃப்.டி. (வேரியபிள் ஃபிரீக்வென்சி டிரைவ்) என்பது மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி. அதற்கு "வேகமாற்றி" போதாது என்பதே என் கருத்து. லேத்தில் பெல்ட்டை இடம் மாற்றும் ஸ்டெப் புல்லியும் வேகமாற்றிதான், மின்விசிறி ரெகுலேட்டரும் வேகமாற்றிதான். ரெகுலேட்டர் மின்னழுத்தத்தை மட்டும் குறைக்கிறது. இந்தக் கருவியோ அதிர்வெண்ணையும் மின்னழுத்தத்தையும் ஒரே விகிதத்தில் குறைக்கிறது: 50 ஹெர்ட்ஸுக்கு 230 வோல்ட் என்றால் 25 ஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய 115 வோல்ட்.

பெயரில் அதிர்வெண் இல்லையென்றால், ரெகுலேட்டரைப் போல இதையும் எந்த மோட்டாரிலும் மாட்டலாம் என்ற எண்ணம் வரும். பட்டறையில் ஏற்கெனவே கிடக்கும் சிங்கிள் பேஸ் கெப்பாசிட்டர் மோட்டாரில்தான் முதலில் மாட்டிப் பார்ப்பார்கள். மையவிலக்குச் சுவிட்ச் உள்ள மோட்டாரில், வேகம் இறங்கியதும் அந்தச் சுவிட்ச் மறுபடி மூடிக்கொள்ளும். சில நொடி மட்டும் தாங்கும்படி சுற்றிய தொடக்கச் சுருளில் மின்னோட்டம் விடாமல் பாயும், சுருள் கருகிவிடும். இதற்கு 3 பேஸ் மோட்டார் வேண்டும். அந்த எச்சரிக்கையில் பாதியையாவது பெயர் சுமக்கட்டும்.

> பட்டறைகளில் இன்வெர்ட்டர் என்றும் சொல்கிறார்களே?

நம் வீடுகளில் இன்வெர்ட்டர் என்றால் பேட்டரியோடு இருக்கும் பெட்டி. அந்த வழி வேண்டாம்.

"மின்மாற்றி"யைப் பின்பற்றி "அதிர்வெண் மாற்றி" என்று சொல்லலாம்தான். ஆனால் 50 ஹெர்ட்ஸை 60 ஹெர்ட்ஸாக மாற்றிக் கொடுப்பதோடு நின்றுவிடும் கருவிக்கும் அதே பெயர்தான் பொருந்தும். நம் கருவி வீட்டு மின்சாரத்தைச் சுமார் 325 வோல்ட் நேர்மின்சாரமாக்கி, மின்தேக்கியில் தேக்கி, அதைத் துண்டு துண்டாக வெட்டி 3 பேஸாக வெளியே தருகிறது. மெதுவாகக் கிளப்புவது, நிறுத்துவது, மிகைச்சுமையில் காப்பது எல்லாம் அதன் வேலை. மோட்டாரை "ஓட்டுவது" என்றுதான் மின்வினைஞர்களும் பேசுகிறார்கள். ஆகவே என் முன்மொழிவு: அதிர்வெண் ஓட்டி. "வேரியபிள்" என்பதற்காக முன்னால் "மாறு" சேர்க்கத் தேவையில்லை. "இயக்கி" கணினி மென்பொருளுக்கு நிலைத்துவிட்டது.

———

> என் முன்மொழிவு: அதிர்வெண் ஓட்டி.

ஐயா, எனக்குச் சம்மதம். இலங்கை வாசகர்களுக்கு "மீடிறன் ஓட்டி" என்பதையும் பக்கத்திலேயே கொடுத்துவிடுவோம். அங்கே பாடநூல் வழக்கு மீடிறன்தான்.

துணைச்சொற்கள் சில பாக்கி. ஸ்டார், டெல்டா இரண்டையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம், மோட்டார் பெயர்த்தட்டில் குறியாகவே இருக்கின்றன. ஆனால் விளக்கம் கட்டாயம் வேண்டும்: மோட்டாரின் மூன்று சுருள்களின் ஒரு முனையை ஒரே முடிச்சாகச் சேர்ப்பது ஸ்டார், சுருள்களை முக்கோணமாக இணைப்பது டெல்டா. 230 வோல்ட் ஓட்டியோடு, ஸ்டாரில் 415 வோல்ட் என்று குறித்த மோட்டாரை அப்படியே இணைத்தால் முறுக்குவிசை மூன்றில் ஒரு பங்காகிவிடும், உளி பட்டதும் நின்றுபோகும். டெல்டாவுக்கு மாற்றினால் ஒவ்வொரு சுருளுக்கும் கிட்டத்தட்ட உரிய மின்னழுத்தம் கிடைக்கும். மோட்டாரிலிருந்து மூன்று முனைகள் மட்டுமே வெளியே வந்திருந்தால் ஸ்டார் முடிச்சு சுருளுக்குள்ளேயே இருக்கிறது. காயில் கட்டுபவரிடம் கொடுத்து, முடிச்சைப் பிரித்து ஆறு முனைகளையும் வெளியே எடுக்க வேண்டும்.

அடுத்தது, நிறுத்தும்போது ஆற்றலை வெப்பமாக்கும் மின்தடை. "தடைத்தடை" என்று ஒருவர் எழுதியிருந்தார், வாயில் நிற்கவில்லை. நிறுத்து தடையம் எப்படி? கனமான கிண்ணக் கட்டை சுழலும்போது வேகத்தைச் சட்டென்று குறைத்தால் மோட்டாரே ஜெனரேட்டராகி, ஓட்டிக்குள் நேர்மின்னழுத்தத்தை ஏற்றிவிடும். ஓட்டி பிழை காட்டிக் கைவிடும், கட்டை தன்போக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். நிறுத்து தடையம் இதைத் தீர்க்கும். ஆனால் கட்டையைப் பிடிக்கும் சக்கு மரையில் ஏறும் லேத்தில் வேகமாக நிறுத்தினால் சக்கே கழன்று வந்துவிடும். அந்த வகை லேத்துக்குத் தடையம் வேண்டாம், வேகம் இறங்கும் நேரத்தை 8 முதல் 10 நொடி வரை வைத்தால் போதும். எதிர்த்திசைச் சுழற்சியையும் பூட்டிவிட வேண்டும், அதிலும் சக்கு கழலும்.

———

நிறுத்து தடையம், நன்று.

விளக்கக் குறிப்பில் இணைப்பு முறையையும் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். மின்சாரம் வரும் பக்கம், மோட்டார் பக்கம் என்று இரண்டையும் தனித்தனியே சொல்லுங்கள். மோட்டாருக்குப் போகும் யு, வி, டபிள்யு முனைகளில் வீட்டு மின்சாரத்தைக் கொடுத்தால் ஓட்டி அந்த நொடியே போய்விடும். மோட்டார் பக்கம் எந்தச் சுவிட்சும் கூடாது, ஓடும்போது இணைப்பைத் துண்டித்தால் உள்ளிருக்கும் டிரான்சிஸ்டர்கள் சேதமாகும். பழைய லேத்தில் இருக்கும் ஆன்-ஆஃப் சுவிட்சை அதிலிருந்து கழற்றி, ஓட்டியின் கட்டுப்பாட்டு முனைகளுக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கேயும் தானே திரும்பும் அழுத்துபொத்தான்களே நல்லது. நிலையாக நிற்கும் சுவிட்ச் வைத்தால், சில அமைப்புகளில் மின்வெட்டு முடிந்து மின்சாரம் வந்தவுடன் லேத் தானாகக் கிளம்பிவிடும்.

வேகத்தைத் திருகி மாற்றும் மாறு மின்தடைக்கு வேகக் குமிழ் என்ற சொல்லையும் ஏற்கலாம். 10 கிலோ ஓம் மதிப்பு பெரும்பாலும் பொருந்தும். அதற்கான கம்பி உறையிட்டதாக இருக்கட்டும், உறையை ஓட்டியின் பக்கம் மட்டும் புவியிணைப்புச் செய்யுங்கள். மோட்டார் கம்பியோடு ஒரே குழாயில் இழுத்தால் வேகம் நிலையில்லாமல் ஆடும். கீழ்வரம்பு 15 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கட்டும். மோட்டாரின் விசிறி அதே தண்டில் இருப்பதால் மெதுவாக ஓடினால் காற்றும் குறையும். நெடுநேர மெதுவேக வேலைக்கு பெல்ட்டை, கட்டையைச் சுழற்றும் தண்டின் பெரிய புல்லிக்கு மாற்றுவதே சரி, முறுக்குவிசையும் கூடும்.

பொருத்துமிடம்: லேத் படுகைக்கு அடியில் வேண்டவே வேண்டாம், சீவல் முழுக்க அங்கேதான் விழும். சுவரில் செங்குத்தாக, மேலும் கீழும் 10 செ.மீ. இடைவெளி விட்டு மாட்டலாம். திறந்த வகை ஓட்டியின் விசிறி உப்புத்தாள் தூளை உறிஞ்சிக்கொள்ளும், வெப்பத்தகடு அடைபடும். மூடிய இரும்புப் பெட்டிக்குள் வைத்தால் 1.5 கிலோவாட் ஓட்டி முழுச்சுமையில் 50 முதல் 75 வாட் வரை வெப்பம் விடும் என்பதைக் கணக்கில் எடுத்துப் பெட்டியின் அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பெட்டிமேல் ஒட்டும் வாசகத்துக்கு என் வரைவு: "அதிர்வெண் ஓட்டி. 3 பேஸ் மோட்டாருக்கு மட்டும். மின்சாரத்தை நிறுத்தி 10 நிமிடம் கழித்தே மூடியைத் திறக்கவும்." திருத்தம் இருந்தால் எழுதுங்கள்.