பொருள்: மிகுபகு எண்ணா, பல்கூறு எண்ணா? (வெள்ளிக்குள் தேவை)

மண்டபம் ஆசிரியர்:
அன்பர்களே, பதினோராம் வகுப்புக் கணித மன்றத்துக்குக் குறிப்பேடு அச்சாகிறது. 'ஹைலி காம்போசிட் நம்பர்' என்பதற்குச் சொல் வேண்டும். தனக்குக் கீழுள்ள எந்த எண்ணைவிடவும் கூடுதலான வகுத்திகள் (மீதியின்றி வகுக்கும் எண்கள்) உடைய எண். இராமானுசன் 1915இல் கட்டுரையாக வெளியிட்டது. அவருடைய பட்டியலில் விடுபட்டுப்போன 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600தான் என் எடுத்துக்காட்டு. அதில் 2இன் அடுக்கு 6, 3இன் அடுக்கு 4. 5, 7 இரண்டு முறை. 11, 13, 17, 19 ஒவ்வொரு முறை. ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்று கூட்டிப் பெருக்கினால் வகுத்திகள் 7×5×3×3×2×2×2×2 = 5,040. அந்த 5,040உம் இதே இனம்! 'உயர் பகு எண்' என்றால் பிள்ளைகள் 'பெரிய பகு எண்' என்று கொள்கிறார்கள். 'மிகுபகு எண்' தகுமா?

தொண்டி:
வினைத்தொகைமேல் வினைத்தொகை. 'மிகு' பகுவைத் தழுவுகிறதா, எண்ணையா? எண்ணைத் தழுவினால் பழைய குழப்பமே. பகு என்னும் வேர் சாமானியமானதன்று. பங்கு, பகை, பாகம், பகல் எல்லாம் அதன் மக்கள். பட்டினப்பாலையின் 'நெடுநுகத்துப் பகல்' நுகத்தின் நடுவாணி. இரு பக்கமும் சமமாகப் பகுப்பது. அங்கிருந்து நடுவுநிலைமை...

கீழக்கரை:
பாகம் வடசொல், ஐயா. பகலிலிருந்து கரைக்கு வாருங்கள். ஏலத்தில் மீனைக் கூறு வைக்கிறோம். 60 கணவாயை இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு என எப்படிக் கூறு போட்டாலும் ஒன்றும் மீதியாகாது. 61 என்றால் ஒரே குவியல், இல்லாவிட்டால் ஒற்றை ஒற்றையாக. ஆகவே 'பல்கூறு எண்'.

பாம்பன்:
காக்கா (அண்ணே), ஏலக் கூறு கண்ணளவு. மேலே பெரிய நண்டு, அடியில் பொடி. சமப்பங்கு எங்கே? அதைவிடப் பெரிய சிக்கல் 72. அதற்கும் 60க்கும் வகுத்திகள் 12தான். சமன் செய்தது, முந்தவில்லை. எனவே 72 இந்த இனத்தில் சேராது, அடுத்தது 120. 'மிகு', 'பல்' இரண்டுமே 72ஐ உள்ளே விட்டுவிடும். முந்துவதைச் சொல்லும் 'விஞ்சுபகு எண்' எப்படி?

தொண்டி:
விஞ்சு என்பது மிஞ்சு; மிஞ்சு என்பது மிகு. சுற்றி அதே வாசலுக்கு வந்திருக்கிறீர்கள்.

மண்டபம் ஆசிரியர்:
வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். 'மிஞ்சு' என்றதும் பிள்ளைகளுக்கு மீதி நினைவுக்கு வருகிறது. மீதியே இல்லாமல் வகுபடுவதற்குப் பெயர் பெற்ற எண்ணுக்கு அது ஆகாது. அச்சகத்தார் இரண்டு முறை அழைத்துவிட்டார். 'மிகுபகு எண்' என்றே கொடுத்தாயிற்று; 72 ஏன் இல்லை என்று அடிக்குறிப்பு உண்டு.

பாம்பன்:
சரி, போகட்டும்.

கீழக்கரை:
என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு நான் 'பல்கூறு' என்றுதான் சொல்லித் தருவேன்.

தொண்டி:
'பாகம்' வடசொல் என்றதற்கு மறுமொழி தனி இழையில் வருகிறது. நீளம் சற்று அதிகம்.