பாட்டியின் நினைவாகச் சோலை மரங்கள் வைக்க உதவி வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். கொடைக்கானல் பக்கம் சோலை (மலை உச்சிகளின் இயற்கைக் காடு) மரங்களுக்கான நாற்றங்காலில் வெகுகாலம் வேலை பார்த்த எங்கள் பாட்டி அண்மையில் தவறிவிட்டார். வீட்டுக்குள் கால் தரிக்காத மனுஷி. மழையில் கோணிப்பையை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு விறுவிறுவென்று மேடேறுவார். பேரப்பிள்ளைகள் நாங்கள் மூச்சிரைக்கப் பின்னால் ஓடுவோம். உதிர்ந்த பழங்களைப் பொறுக்கி, சதையைக் கழுவி, ஈரம் காய்வதற்குள் விதையை ஊன்றச் சொல்வார். சோலை மரங்கள் பலவற்றின் விதை காய்ந்தால் முளைக்காது. வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே மண்டிவிட்ட சீகை (வாட்டில்) மரத்தின் விதையோ மண்ணுக்குள் வருஷக்கணக்கில் கிடந்து, மரத்தை வெட்டியதும் கிளம்பி வரும். சீகைக் கன்றைக் கண்டால் பிடுங்காமல் நகரமாட்டார். 2018-இல் குறிஞ்சி பூத்தபோது அவருக்கு இருந்த சந்தோஷம்! 2030-க்கும் இருந்திருக்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மன்னவனூர் வழியில் எங்கள் நிலத்தில் சீகை மண்டிக் கிடக்கிறது. அங்கே அவர் நினைவாக நாவல் வகைகள், காட்டுப்பூவரசு எல்லாம் வைக்க ஆசை. நாற்று எங்கே கிடைக்கும்? சீகையை மொத்தமாக வெட்டாமல் கொஞ்சம் நிழலுக்கு விடலாம் என்று நினைக்கிறேன், இல்லாவிட்டால் மார்கழி உறைபனியில் கன்று கருகிவிடும். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். அப்புறம், நாற்றங்கால் வேலை நடந்த பழைய படங்கள் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து பகிருங்கள். வேலை செய்கிற கோலத்தில் அவர் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை.