கீசர் குழாய் சொட்டினால் சொட்டட்டும், அடைக்காதீர்கள்: தென்னாப்பிரிக்க ஃபிளாட் அனுபவங்கள்

ஓவர்போர்ட் வாசி (டர்பன்)

ஃபிளாட்டில் குடியிருக்கும் நம்மவர்கள் தண்ணீர்க் குழாய், கீசர் விஷயத்தில் பார்த்ததை, பட்டதை எழுதுங்கள். ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு உதவும். நானே ஆரம்பிக்கிறேன்.

எங்கள் கட்டடம் பழையது. குளியலறையில் உயரத்தில் கீசர் மாட்டியிருக்கும். அதிலிருந்து ஒரு செப்புக் குழாய் சுவரைத் துளைத்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேல் வீட்டுக் குழாய், கீழ் வீட்டு ஆன்ட்டி துணி காயப்போடும் கொடிக்கு நேர் மேலே. காலையிலும் மாலையிலும் சொட்டுச் சொட்டாக விழும். வாய்ச்சண்டை முற்றி, கடைசியில் யாரோ ஒரு சில்லறை வேலைக்காரரைக் கூட்டிவந்து குழாய் முனையில் மூடி போட்டுத் திருகிவிட்டார்கள். சொட்டு நின்றது, சண்டையும் நின்றது.

என் வீட்டு சிங்க்கைப் பார்க்க வந்த பிளம்பர் பால்கனியில் நின்று தற்செயலாக மேலே பார்த்தார். என் வேலையை அப்படியே போட்டுவிட்டு மாடிக்கு ஓடினார். முதல் காரியமாக டி.பி. போர்டில் (வீட்டு மின்சுவிட்சுகள் எல்லாம் இருக்கும் பலகை) கீசர் சுவிட்சை இறக்கச் சொன்னார். குளியலறையில் வெந்நீரைத் திறந்து விட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். அதற்குப் பிறகுதான் மூடியில் கை வைத்தார்.

அவர் சொன்ன காரணம் இது. 150 லிட்டர் கீசரில் தண்ணீர் 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடானால் இரண்டு லிட்டருக்கு மேல் பெருகும். அந்த உபரிதான் வெளியே சொட்டுகிறது. சூடேறும் நேரத்தில் மட்டும் சொட்டினால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். இரவு பகலாக ஓடினால் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு போயிருக்கும். ஆவி பறக்கச் சுடுநீராகக் கொட்டினால், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கெட்டுவிட்டது. சுவிட்சை இறக்கிவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும். தெர்மோஸ்டாட் கெட்டு, வெளியேறும் வழியும் அடைபட்டால்? இங்கே பெரும்பாலான கீசர்கள் 400 கிலோபாஸ்கல் அழுத்தத்துக்கானவை. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. 150 டிகிரி வரை தண்ணீராகவே இருக்கும். தொட்டி கிழிந்த நொடியில் அதில் ஒரு பகுதி ஆவியாகிச் சீறும். கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிற விபத்துகள் இப்படித்தான் நடக்கின்றன.

ஆன்ட்டியின் துணிக்கு என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். அந்தக் குழாயைச் சுவரோரமாகச் சரிவாக இறக்கி, கீழே கால்வாய்க்குக் கொண்டுபோய் விட்டார்கள். முடிவிடம் திறந்துதான் இருக்கிறது. இதற்கா இத்தனை மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள் என்று தோன்றியது.

டோங்காட் தம்பி

அண்ணா எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் ஊர் நீர்ச் சுத்திகரிப்பு நிலையமே அடிபட்டு, மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லை. லாரித் தண்ணீரும் வாளியுமாகப் போயிற்று வாழ்க்கை. பிரச்சினை தண்ணீர் நின்றபோது மட்டுமல்ல, திரும்பி வந்தபோதும்தான். குழாயைத் திறந்து பார்த்து, காற்றுதான் வருகிறது என்று திறந்தபடியே விட்டுவிட்டு ஜோகன்னஸ்பர்க் போய்விட்டார் எங்கள் மாடிக்காரர். நடுராத்திரியில் தண்ணீர் வந்தது. சிங்க்கில் பாத்திரம் அடைத்துக்கொண்டு, கீழ் வீட்டு சீலிங் போர்டு ஊறித் தொப்பென்று விழுந்தது. பல்புக் கம்பியும் அதிலேதான் தொங்கிக்கொண்டிருந்தது. நல்ல வேளை, யாரும் லைட் சுவிட்சைத் தொடவில்லை. சீலிங் ஊறித் தொங்குகிறது என்றால் முதலில் மெயின் சுவிட்சு, பிறகுதான் வாளி.

இன்னொன்று. மெயின் லைன் காலியாகும்போது கீழே யாராவது குழாயைத் திறந்தால் மேல்மாடி கீசரின் தண்ணீரைக்கூட அது உறிஞ்சி இழுத்துவிடும். இதைத் தடுக்கத்தான் வாக்குவம் பிரேக்கர் என்ற சின்ன உருப்படியை வெந்நீர், குளிர்நீர் இரண்டு லைனிலும் வைக்கிறார்கள். பழைய கட்டடங்களில் அது இல்லாமலே ஓடிக்கொண்டிருக்கும். வெறும் தொட்டியில் கரண்ட் பாய்ந்தால், தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்ட் கருகிவிடும். அதனால் எங்கள் பிளாக்கில் ஒரு வழக்கம்: தண்ணீர் போனால் கீசரை அணை. திரும்பி வந்ததும் குளியல் தொட்டியின் குளிர்நீர்க் குழாயை மெதுவாகத் திறந்து, காற்றும் செம்மண் கலங்கலும் போகும்வரை ஓடவிடு. வெந்நீர்க் குழாயில் விட்டுவிட்டு வராமல் சீராக விழுந்த பிறகே கீசரைப் போடு.

பீனிக்ஸ் தரைத்தளம்

கீசர் கதையெல்லாம் மேல்மாடிக்காரர்களுக்கு. தரைத்தளத்தில் எங்களுக்கு வருவது வேறு, அதை எழுதவே கூசுகிறது. மேலே யார் வாஷிங் மெஷின் போட்டாலும் எங்கள் ஷவர் வடிகாலில் நுரை பொங்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நுரையோடு நிற்கவில்லை.

எல்லா வீட்டுக்கும் பொதுவான கழிவுக் குழாய் அடியில் அடைத்திருந்தது. மேலே இருப்பவர்கள் அவரவர் சிங்க்கில் காஸ்டிக் சோடாவைக் கொட்டியிருந்தார்கள். அதற்கு முந்தின நாள் இன்னொருவர் ப்ளீச் ஊற்றியிருந்தார். பிளம்பர் வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "யாராவது எதையாவது ஊற்றினீர்களா?" ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் மாமியார்தான் மேல் வீட்டில் வாசனை வந்ததைச் சொன்னார். பிளம்பர் உடனே கண்ணாடியும் நீளக் கையுறையும் மாட்டிக்கொண்டு, நிறையத் தண்ணீர் விடச் சொல்லி, முகத்தை விலக்கி வைத்துத்தான் கழிவுக் குழாய் மூடியைத் திறந்தார். உள்ளே தேங்கியிருந்தது வெறும் சாக்கடை இல்லை, அரிக்கும் காஸ்டிக் காரம். ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வையே போகலாம். ப்ளீச்சோடு ஆசிட் வகை கிளீனர் சேர்ந்தால் குளோரின் வாயுவே கிளம்பும். தயவுசெய்து ஊற்றியதை ஒளிக்காதீர்கள்.

அடைப்பில் வெளியே வந்தது என்ன தெரியுமா? உறைந்த எண்ணெயும் நெய்யும், அதில் ஒட்டிய சோறும். புரட்டாசிப் படையல் முடிந்த வாரம், வடை சுட்ட எண்ணெய் எங்கே போயிற்று என்று யாரும் யோசிப்பதில்லை.

லெனேசியா மருமகள் (ஜோகன்னஸ்பர்க்)

டர்பன்காரர்களுக்குக் குளிர் தெரியாது. இங்கே ஜூன், ஜூலை இரவுகளில் பூஜ்யத்துக்குக் கீழே போகும். மொட்டை மாடியில் வெளியே ஓடும் குழாய்களுக்கு உறை போடுங்கள். உறைந்த குழாயை நெருப்பு வைத்து இளக்காதீர்கள். அவ்வளவுதான்.

வயரிங் மாமா (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

குழாயைத் தொட்டால் விரலில் சுருக்கென்று இழுக்கிறது என்று ஒரு வீட்டில் கூப்பிட்டார்கள். பழைய செப்புக் குழாயில் ஓட்டை விழுந்த பகுதியை வெட்டி, நடுவில் பிளாஸ்டிக் குழாய் போட்டிருந்தார் அதற்கு முன் வந்தவர். தண்ணீர் ஒழுகவில்லை, வேலை சுத்தம். ஆனால் கசியும் மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கும் எர்த் தொடர்ச்சி அந்த இடத்தில் அறுந்துவிட்டது. கீசர் எலிமென்டில் மின்கசிவும் சேர்ந்துகொண்டது. மின்கசிவு இருந்தால் தானாக அணையும் எர்த் லீக்கேஜ் சுவிட்சு அடிக்கடி விழுகிறதே என்று அதையும் யாரோ தாண்டிக் கம்பி கொடுத்திருந்தார்கள்! அந்தச் சுவிட்சு விழுந்தால் அது உங்களிடம் ஏதோ சொல்கிறது. குழாயில் சுருக்கென்றால் ஈரக்கையோடு சோதிக்காமல் மெயினை இறக்குங்கள்.

ஓவர்போர்ட் வாசி

மாமா, இது பலருக்குத் தெரியாது, நன்றி. பீனிக்ஸ் அக்கா, அந்தப் பொது அடைப்புக்கு உங்களிடம் காசு கேட்டார்களா?

பீனிக்ஸ் தரைத்தளம்

கேட்டார்கள் தம்பி. உங்கள் வீட்டில்தானே பொங்கியது என்றார்கள் டிரஸ்டிகள், அதாவது கட்டட நிர்வாகக் குழுவினர். ஃபிளாட் உரிமை பற்றிய செக்ஷனல் டைட்டில் சட்டத்தை மகன் எடுத்துக் காட்டினான். ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளுக்குப் பயன்படும் குழாய் பாடி கார்ப்பரேட் (எல்லா உரிமையாளர்களும் சேர்ந்த அமைப்பு) பொறுப்பு. கீசர் மட்டும் விதிவிலக்கு: பொது இடத்தில் இருந்தாலும், யார் வீட்டுக்கு வெந்நீர் தருகிறதோ அவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்சூரன்ஸ் எக்செஸும் (இழப்பீட்டில் நாமே கட்ட வேண்டிய பங்கு) அவர் தலையில். இத்தகைய குடியிருப்புத் தகராறுகளைத் தீர்க்கும் சி.எஸ்.ஓ.எஸ். ஆம்பட்ஸ்மனிடம் போவோம் என்றதும் பில்லைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

ஒன்று மறக்காதீர்கள். கீசர் மாற்றினால் பி.ஐ.ஆர்.பி.யில் (பிளம்பர்களின் பதிவு வாரியம்) பதிவுபெற்ற பிளம்பரிடம், வேலை விதிப்படி நடந்தது என்று சொல்லும் சி.ஓ.சி. சான்றிதழைக் கையோடு வாங்கிவிடுங்கள். பிறகு இன்சூரன்ஸ்காரர் கேட்கும்போது அந்த பிளம்பர் போனை எடுக்கமாட்டார்.