மாறுகண் ஆபரேஷனுக்குப் பிறகு வாந்தி: மணிக்கட்டு ஊசி தடுக்குமா?

மலர்விழி: என் 6 வயது மகனுக்கு மாறுகண் ஆபரேஷன் சொல்லியிருக்கிறார்கள். மயக்கம் தெளிந்ததும் பிள்ளைகள் ரொம்ப வாந்தி எடுப்பார்களாமே. அக்குபங்சர் தடுக்குமா?

செல்வா: தடுக்கும் அக்கா. மணிக்கட்டு ரேகைக்கு மூன்று விரல் மேலே, உள்பக்கம் இரண்டு தசைநாண்களுக்கு நடுவே இருப்பது பி6 என்ற அக்குபங்சர் புள்ளி. 1980களில் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் இதை ஆராய்ந்த ஜான் டண்டீ மயக்க மருந்துப் பேராசிரியர், நம்ம ஊர் மாற்று வைத்தியர் இல்லை. பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பு 2015இல் வெளியிட்ட தொகுப்பில் 59 ஆய்வுகள். ஒப்பிடுவதற்காகச் செய்வதுபோல் மட்டும் காட்டும் போலிச் சிகிச்சையைவிட வாந்தி சுமார் 40% குறைவு.

நிர்மல்: சான்றின் தரம் குறைவு என்று அதே தொகுப்பு சொல்வதை ஏன் விட்டுவிட்டீர்கள்? டொராண்டோவில் இதே மாறுகண் பிள்ளைகளுக்கு ஊசி போட்டுப் பார்த்து, பலனில்லை என்று 1992இல் எழுதிவிட்டார்களே.

செல்வா: அதே ஆய்வில் டிராபெரிடால் என்ற வாந்தித் தடுப்பு மருந்தும் பலிக்கவில்லை. அதை நீங்கள் விட்டுவிட்டீர்கள்! தவிர, மயக்கம் கொடுத்தபின் குத்தினால் பலன் குறையும் என்பது டண்டீ தரப்பின் வாதம். 1998இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கில் மாறுகண் பிள்ளைகளுக்கு அதே புள்ளியில் ஊசிக்குப் பதில் லேசர் வைத்தார்கள். லேசர் வைத்த பிள்ளைகளில் 25% பேருக்குத்தான் வாந்தி, வைக்காதவர்களில் 85%.

நிர்மல்: மொத்தமே 40 பிள்ளைகள் சார். அதை நம்பி மருந்தை விடச் சொல்வீர்களா?

செல்வா: விடச் சொல்லவே இல்லையே. கூடவே செய்யலாம் என்கிறேன். ஆபரேஷனுக்குப் பிந்தைய வாந்தி பற்றிய 2020 சர்வதேச வழிகாட்டுதலிலும் பி6 இருக்கிறது.

நிர்மல்: சரி, கூடவே என்றால் எனக்குச் சண்டை இல்லை. மேடம், 3 வயதைத் தாண்டியது, மாறுகண் சிகிச்சை, அறுவை அரை மணி நேரத்துக்கு மேல் போவது, பிள்ளைக்கோ பெற்றோர் உடன்பிறந்தவர்களுக்கோ முன்பு இப்படி வாந்தி வந்திருப்பது, வாந்தி வரும் வாய்ப்பைக் கணிக்க முக்கியமாக இந்த நான்கையும் பார்ப்பார்கள். உங்கள் மகனுக்கு முதல் இரண்டு இப்போதே இருக்கிறது. வாந்தியைத் தடுக்கும் மருந்துகளான ஒண்டான்செட்ரானும் டெக்ஸாமெதசோனும் சேர்த்துக் கொடுப்பீர்களா என்று மயக்க மருத்துவரிடம் கேளுங்கள்.

மலர்விழி: என் அக்காவுக்கு வந்தது. அது கணக்கில் வருமா? பி6 புள்ளியை அழுத்தும் மணிக்கட்டுப் பட்டை கட்டிவிடலாமா?

நிர்மல்: பெரியம்மா அந்தப் பட்டியலில் வரமாட்டார். ஆனாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பட்டையை நீங்களாகக் கட்டாதீர்கள், டிரிப்ஸ் ஏற்றும் கையாக இருந்தால் இடைஞ்சல்.

செல்வா: மற்ற கையில் கட்டலாமே!

நிர்மல்: அதையும் அவரிடமே கேட்கட்டும்.