பெயர் மறைந்திருந்தபோது எதிரணியிடம் எப்படி நடந்துகொண்டீர்கள்?

இரவுப்பறவை: இரண்டு அணிகளுக்கும் ஒரே வேலையைக் கொடுத்துப் போட்டியாக்கியிருந்த நேரம். நாங்கள் கண்டறிந்த ஒரு பிழையை எதிரணிக்குச் சொல்வதா என்று பெயர் எழுதாத சீட்டுகளால் முடிவெடுத்தோம். முந்தைய கூட்டத்தில் "சொல்லிவிடலாம், எல்லாரும் ஒரே நிறுவனம்தானே" என்று தலையாட்டியவர்கள்தாம் அனைவரும். பிரித்தால், ஒன்று விடாமல் "வேண்டாம்". ஒரு சீட்டில் மட்டும் அந்தச் சொல்லின் கீழ் அழுத்தமாக இரண்டு கோடுகள். எல்லாரும் சிரித்தோம், யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை.

புள்ளிக்காரன்: மேலே எழுதியவர் பழியைப் பெயர் மறைப்பின் மேல் போடுவதாகப் படுகிறது, என் அனுபவம் நேர்மாறானது. 2017 ஏப்ரலில் ரெடிட் இணையத்தளம் திறந்த, எல்லாரும் சேர்ந்து வண்ணப் புள்ளிகளால் வரையும் 'பிளேஸ்' பலகையில், ஒரு புள்ளி வைத்தால் அடுத்ததற்குச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும் என்பதால், தனியாளாக எதையும் வரைய முடியாது. எங்கள் சின்னமும் பக்கத்துக் கூட்டத்தின் கொடியும் முட்டிக்கொள்ள, மாறி மாறி அழித்துக்கொண்டிருந்தோம். திடீரென்று யாரோ எல்லைக்கோட்டில் ஒரு சிறு இதயத்தை வரையத் தொடங்கினார். இரு தரப்பும் அதைத் தொடவில்லை. பெயர் தெரிந்திருந்தால் அவரைச் சொந்தக் கூட்டமே துரோகி என்றிருக்கும்.

நடுநிலை: நான் கண்டது சிறியது: இணைய விளையாட்டொன்றில், பெயரை மறைத்துக் குழுநிறத்தை மட்டும் காட்டியதும், அதுவரை நட்பாக விளையாடியவர்கள் நிறத்தைப் பார்த்தே தாக்கினார்கள். இங்கே இருவரும் எதை மறைத்தார்கள் என்று பேசுகிறார்களே தவிர, மறைத்த பின் எது எஞ்சியது என்று பார்க்கவில்லை. 1979இல் ஜான்சன், டவுனிங் இருவரும் நடத்திய ஆய்வில், இன்னொருவருக்குத் தரப்படும் மின்னதிர்ச்சியின் அளவை முடிவு செய்ய வேண்டியவர்களுள், செவிலியர் உடையணிந்து அடையாளம் மறைந்திருந்தோர் அளவைக் குறைத்தார்கள். தனிமனிதர் மறைந்ததும் உடையின் குணம் மேலே வந்துவிட்டது. ஆகவே, இரவுப்பறவை அவர்களே, அடுத்த முறை சீட்டைக் கைவிட்டுக் கைதூக்கச் சொல்வதால் மட்டும் பயனில்லை. சொந்த அணியின் கண்ணுக்கு அஞ்சி இன்னும் கடுமையாக வாக்களிப்பார்கள். எதிரணியிலிருந்து ஒருவரையும் அந்த அறையில் உட்கார வையுங்கள். முடியாவிட்டால், சீட்டில் அணிப்பெயருக்குப் பதிலாக நிறுவனப் பெயரை அச்சிட்டுப் பாருங்கள்.

இரவுப்பறவை: யோசனை நான் கேட்கவில்லை, இருந்தாலும் நன்றி. விட்டுப்போன ஒன்று: அதே பிழையை எதிரணியும் முன்பே கண்டுபிடித்து, எங்களிடமிருந்து மறைத்திருந்தது. அவர்களும் சீட்டுப் போட்டார்களா என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது.