அப்பாவோட பேங்க் கணக்கு விவரம் இன்கம் டாக்ஸுக்கு எப்படி போகுது? நம்மகிட்ட கேக்கவே வேண்டாமா?

பொள்ளாச்சி பையன்:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. அப்பாவுக்கு போன வாரம் ஒரு மெசேஜ், உங்க பான்ல பெரிய தொகை பதிவாகியிருக்கு, ஏஐஎஸ் (இன்கம் டாக்ஸ் போர்ட்டல்ல நம்ம பேர்ல பதிவான வரவு செலவுப் பட்டியல்) பாருங்கன்னு. எவனோ ஃப்ராடு பண்றான்னு விட்டுட்டோம், அப்புறம் சந்தேகத்துல நானே போர்ட்டல்ல போய் பாத்தா நெஜமாவே இருக்குங்க, சேவிங்ஸ் அக்கவுண்ட்ல ரொக்கமா கட்டினது 12 லட்சத்துக்கு மேலன்னு. எல்லாம் தேங்கா பணம்தான், தேங்கா விலை ஏறியிருந்த சமயம், ஒவ்வொரு வெட்டுக்கும் வியாபாரி ரொக்கமா குடுப்பாரு, அப்பா அப்படியே கொண்டுபோய் பேங்க்ல கட்டிருவாரு, அவருக்கு வேற வருமானம்னு ஒன்னும் கெடையாது, ரிட்டர்னும் போட்டதில்ல.

பயம் ஒரு பக்கம்னா கோவம் இன்னொரு பக்கம், ஒளிச்சு வெக்காம பேங்க்லதானே கட்டினோம், அதுக்கே இப்படியா, என் பாஸ்புக்க எவன் பாத்தான்னு கேக்கறாரு, எனக்கு பதில் சொல்லத் தெரியல. இதுல வாட்ஸாப்ல வேற 2026 ஏப்ரல்ல இருந்து ஈமெயில், ஃபேஸ்புக் எல்லாத்தையும் கவர்மெண்ட் படிக்கும்னு ஒரு ஃபார்வர்டு சுத்துது. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கணக்குப்பிள்ளை:
தம்பி, மொதல்ல அப்பாவ நிம்மதியா தூங்கச் சொல்லுங்க. நான் ஆடிட்டர் ஆபீஸ்ல வேல பாக்குறவன், இந்த மாதிரி தெனம் நாலு பேர் வராங்க. யாரும் உக்காந்து அவர் பாஸ்புக்க புரட்டல. ஒரு நிதியாண்டுல ஒருத்தர் சேவிங்ஸ்ல ரொக்கமா 10 லட்சமோ அதுக்கு மேலயோ கட்டினா பேங்க்கே வருஷம் முடிஞ்சதும் டிபார்ட்மெண்டுக்கு அனுப்பிரும், அனுப்பணும்னு சட்டம். கரண்ட் அக்கவுண்டுக்கு அது 50 லட்சம். பெரிய தொகைக்கு நெலம் வாங்கினா வித்தா ரிஜிஸ்டர் ஆபீஸ் அனுப்பும், கிரெடிட் கார்டு பில்ல ரொக்கமா 1 லட்சமோ வேற வழியில 10 லட்சமோ கட்டினா அதுவும் போகும், மியூச்சுவல் ஃபண்டுக்கும் 10 லட்சம்னு ஒரு கோடு இருக்கு. 2021 கடைசில ஏஐஎஸ் வந்ததுக்கப்புறம்தான் இதெல்லாம் நம்ம கண்ணுல படுது, அதுக்கு முன்னாடியும் போயிட்டுதான் இருந்துச்சு.

வெவசாய வருமானத்துக்கு மத்திய அரசு வரி கெடையாது. போர்ட்டல்ல அந்தப் பதிவுக்கு நேரா கருத்துன்னு ஒரு எடம் இருக்கும், அதுல வரி இல்லாத வருமானம்னு குடுத்துருங்க. சிட்டா, அடங்கல், வியாபாரி குடுத்த துண்டுச்சீட்டு எல்லாம் ஒரு கவர்ல போட்டு வைங்க. மெசேஜ்ல லிங்க் வந்தா மட்டும் தொடாதீங்க, நேரா போர்ட்டலுக்குப் போங்க, இத வெச்சு ஏமாத்துற கூட்டம் நெறைய.

அந்த ஃபார்வர்டு பாதி பொய். புது வருமானவரிச் சட்டத்துல (2025) 247-வது பிரிவுல ஈமெயில், சோஷியல் மீடியா, ஆன்லைன் டிரேடிங் எல்லாம் வருது, ஆனா அது ரெய்டு நடக்குறப்ப மட்டும்தான். மடியில கனமில்லேன்னா வழியில பயமில்ல.

ஓசூர் மணி:
கணக்குப்பிள்ளை அண்ணே, பழமொழி நல்லாதான் இருக்கு, ஆனா 2025 ஜூலைல பெங்களூர்ல என்ன நடந்துச்சுன்னு மறந்துட்டீங்களா, எங்க சொந்தக்காரங்க அங்க பேக்கரி வெச்சிருக்காங்க, நேர்ல பாத்தேன். கர்நாடக வணிகவரி ஆளுங்க யூபிஐ கம்பெனிகிட்ட டேட்டா வாங்கி, வருஷ வியாபாரம் 40 லட்சம் தாண்டிடுச்சு ஜிஎஸ்டி எங்கன்னு டீக்கடை, காண்டிமெண்ட்ஸ் எல்லாத்துக்கும் நோட்டீஸ் விட்டாங்க. ஹாவேரில ஒரு காய்கறிக்காரருக்கு நாலு வருஷத்துல 1.63 கோடி வந்திருக்குன்னு 29 லட்சம் கட்டச் சொன்னாங்க, காய்கறிக்கு ஜிஎஸ்டியே கெடையாதுண்ணே! க்யூஆர்ல வர்ற எல்லாமே வியாபாரம்னு எப்படி முடிவு பண்ண முடியும், மச்சான் அனுப்புற கைமாத்தும் அதுலதானே வருது. கடைக்காரங்க நோ யூபிஐ, ஒன்லி கேஷ்னு பேப்பர்ல எழுதி ஒட்டி, கடையடைப்புன்னு சொன்னதுக்கப்புறம்தான் முதலமைச்சரே கூப்பிட்டுப் பேசி பழைய பாக்கிய கேக்க மாட்டோம்னாரு. மடியில கனமே இல்லாதவன்தான் அந்த மாசம் பூரா தூங்கல.

சட்டக்கல்லூரி அக்கா:
மணி சொன்னதுக்கு மேல ஒன்னு. பேங்க் அனுப்புறது தப்புன்னு நான் சொல்லல, வரி ஏய்க்கிறவன புடிக்க இது வேணும், பெரிய ஊழல் நெறைய இப்படித்தான் வெளிய வருது. எனக்குப் பிரச்சனை அதுக்கப்புறம் நடக்குறதுல. பேங்க்ல குடுத்த விவரத்துலயும் நமக்கு அந்தரங்க உரிமை உண்டுன்னு உச்சநீதிமன்றம் 2004-லயே கனரா பேங்க் வழக்குல சொல்லிருச்சு, பேங்க்ல குடுத்துட்ட உடனே உன் உரிமை போச்சுன்னு அமெரிக்காவுல 1976-ல சொன்னத நம்ம கோர்ட்டு ஏத்துக்கல. 2017 ஆகஸ்ட்ல ஒம்போது நீதிபதிங்க சேர்ந்து அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னாங்க. 2018 ஆதார் தீர்ப்புல பேங்க் கணக்கோட ஆதார கட்டாயமா இணைக்கச் சொன்னத ரத்து பண்ணினாங்க, பானோட இணைக்கிறத மட்டும் விட்டுவெச்சாங்க.

ஆனா அதே 2017-ல நிதிச் சட்டத்துல ஒரு வாசகம் சேத்தாங்க, ரெய்டுக்கு என்ன காரணம்னு அந்த ஆள்கிட்டயும் சொல்ல வேணாம், அப்பீல் டிரிபியூனல்கிட்டயும் சொல்ல வேணாம்னு. இப்ப 247-ல பாஸ்வேர்டு குடுக்கலேன்னா அத மீறித் தொறக்கவும் அதிகாரம். ரெய்டு நடந்தா மட்டும்தான்னு அண்ணன் சொன்னது சரி, ஆனா அந்த ரெய்டு ஏன்னு கேக்க ஹைகோர்ட்டுல ரிட் போடணும், தேங்கா விக்கிறவர் எத்தன பேர் போடுவாங்க? 2023 டேட்டா பாதுகாப்புச் சட்டம் வந்துச்சே அதாவது காப்பாத்தும்னு பாத்தா, 17-வது பிரிவுல தனக்கு வேண்டிய அரசு அமைப்புக்கு விலக்கு குடுக்க மத்திய அரசே அதிகாரம் எடுத்துக்கிச்சு.

அப்பா கேட்ட கேள்வி ரொம்பச் சரியான கேள்வி பொள்ளாச்சி தம்பி. நம்ம கடன் விவரம் இருக்குற சிபில் ரிப்போர்ட் எடுத்தா எந்த பேங்க் எந்தத் தேதில பாத்துச்சுன்னு இருக்கும். ஆதார் சைட்ல போனா கடைசி ஆறு மாசத்துல யாரு சரிபாத்தாங்கன்னு வரும். ஏஐஎஸ்ல ஆக்டிவிட்டி ஹிஸ்டரின்னு ஒன்னு இருக்கு, தொறந்து பாருங்க, நீங்க பண்ணினதுதான் இருக்கும். எந்த ஆபீசர் எதுக்காகப் பாத்தாருன்னு ஒரு வரி காட்டுறதுல என்ன செலவாயிரும்?

கணக்குப்பிள்ளை:
அக்கா சொல்றத மறுக்கல. அதக் காட்டினா உஷாராகி பெரிய திமிங்கலம் தப்பிச்சிரும்னு டிபார்ட்மெண்ட் சொல்லும். சின்னக் கேசுக்காவது ஆறு மாசம் கழிச்சுக் காட்டலாமேன்னு எனக்கும் தோணும்தான்.

பொள்ளாச்சி பையன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. அக்கா, நீங்க சொன்னத அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன், இப்ப கோவம் இன்னும் ஏறிருச்சு 😄 கருத்து குடுத்துட்டேன். இன்னொரு சந்தேகம்ங்க, பக்கத்துத் தோட்டத்துக்காரரு இனிமேல் பாதிய அம்மா கணக்குல, பாதிய உங்க கணக்குல, தடவைக்கு 49 ஆயிரம்னு கட்டுங்க, 10 லட்சத்துக்குள்ள நின்னுக்கும்னு சொல்றாரு. அப்படிப் பண்ணலாமா?

கணக்குப்பிள்ளை:
வேணாம் தம்பி, தயவுசெஞ்சு வேணாம். இப்படி 49 ஆயிரம் 49 ஆயிரமா பிரிச்சுக் கட்டுறதுதான் பேங்க்காரங்க கண்ணுல மொதல்ல படும். கோட்டத் தாண்டினா போற ரிப்போர்ட் ஒரு வகை. சந்தேகம்னு தோணினா பிஎம்எல்ஏ சட்டப்படி (கறுப்புப் பணத்த வெள்ளையாக்குறதத் தடுக்குற சட்டம்) டெல்லில எஃப்ஐயுங்குற நிதிப் புலனாய்வு அமைப்புக்கு அனுப்புறது வேற வகை, அதுக்கு இவ்வளவு தொகைன்னு கணக்கே கெடையாது, அனுப்பினத பேங்க் உங்ககிட்ட சொல்லவும் கூடாது, மேனேஜர் தெரிஞ்சவரா இருந்தாலும் வாயத் தொறக்க மாட்டாரு. இப்ப நேர்மையா விளக்கம் சொல்லிட்டுப் போற விஷயத்த நீங்களே சந்தேகமா மாத்திக்காதீங்க. வியாபாரிகிட்ட பணத்த அக்கவுண்ட்ல போடச் சொல்லுங்க, ஒத்துக்கலேன்னா ஒவ்வொரு வெட்டுக்கும் எத்தன காய், என்ன விலைன்னு எழுதி கையெழுத்து வாங்கிக்கங்க. ஒரே ஆள்கிட்ட ஒரே நாள்லயோ ஒரே வியாபாரத்துலயோ 2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்குறதுக்குத் தனியா தடை இருக்கு, அதையும் அப்பாகிட்ட சொல்லிருங்க.